வரிக்கு ஒரு வரி

திங்கட்கிழமை, கடை திறக்குமுன்
விலைச்சீட்டுத் துப்பாக்கியை வெண்டல் என் கையில் கொடுத்தார்.
"பழசை உரிக்காதே, மேலேயே ஒட்டு.
மறுபடி மாறும்."

டுலூத்தில் ஏப்ரலிலும் துறைமுகத்தில் பனிப்பாளம் மிதக்கும்.
விறைத்த விரலைக் கண்ணாடி அலமாரிக்குள் விட்டு
ஒவ்வொன்றாய் ஒட்டினேன்.
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது போன மாதம்
ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆயிற்று,
இன்று இன்னொரு நூறு.
கேமரா அதே கேமரா.
ஒரு பொத்தான் கூடவில்லை.

பெட்டியின் அடியில் பொடியெழுத்தில் குலம் கோத்திரம்:
லென்ஸ் ஜப்பான், மின்கலம் சீனா,
கழுத்துப்பட்டை வியட்நாம்.
சுங்கத்தில் இவ்வளவு கதை கேட்கமாட்டார்கள்.
எந்த ஊர்? ஒரே பதில்.
கடைசித் திருகாணியை முடுக்கிய ஊரைச் சொல்கிறார்கள்,
தாய்லாந்து.
அங்கே முடுக்கிய பெண்ணுக்கு
இந்த இருநூறில் ஒரு காசும் போகவில்லை என்பது வரை
எனக்குத் தெரியும்.

வெண்டல் மூன்று நாள் யோசித்தார்,
பில்லில் வரியைத் தனி வரியாகப் போடலாமா என்று.
போட்டால் அரசியல் என்பார்கள் சிலர்.
போடாவிட்டால் பேராசை என்பார்கள் எல்லாரும்.
நாலாம் நாள் ஒன்றும் சொல்லாமல்
பின்னறைக்குப் போய்
சின்னக் கேமராக்களுக்கான ஆர்டரைக் கிழித்தார்.
விலை ஏற்றினால் வாங்க ஆளில்லை,
ஏற்றாவிட்டால் விற்க ஆளில்லை.
பிள்ளைகள் முதல்முதலாய்த் தொட்டுப் பார்க்கும் கீழ்த்தட்டில்
இப்போது துடைக்கும் துணிகள் தொங்குகின்றன.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு
லொரெட்டா நீமி வருவாள்,
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு, மஞ்சள் கையுறையோடு.
அக்டோபரிலிருந்து வருகிறாள்.
தானியக் கிடங்கின் உச்சியில் உட்காரும்
பனி ஆந்தையை எடுக்க வேண்டும் அவளுக்கு.
சம்பளத்தில் வாரம் ஐம்பது ஒதுக்கி
இன்று எண்ணிக்கொண்டு வந்திருந்தாள்,
பழைய விலைக்குச் சரியாக.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
சீட்டின் ஓரத்தை நகத்தால் தூக்கினாள்.
ஒரு தோல். இன்னொரு தோல். அடியில் மூன்றாவது.
"இந்தச் சரக்கு எப்போது வந்தது?"
"நவம்பரில்."
"அப்போது இந்த வரி இருந்ததா?"
"இல்லை."
"பிறகு இதன் தலையில் ஏன் கட்டினீர்கள்?"

வெண்டல் சொல்லித் தந்த பதில் என்னிடம் இருந்தது:
இதை விற்ற காசில்தான் அடுத்ததை வாங்கி வைக்கவேண்டும்,
அடுத்தது புது விலையில் வரும்.
பொய்யில்லை. சொன்னேன்.
சொல்லும்போதே
அவள் பேருந்துக் கட்டணம் வாங்குகிற வேலையில் இல்லை,
யாரையும் பாதிவழியில் இறக்கிவிட்டதுமில்லை என்று
எதற்கோ தோன்றியது.

"ஆந்தை கனடாவுக்குக் கிளம்பிவிடும்,
இன்றோ நாளையோ," என்றாள்.
"அதை எந்தக் கதவிலும் நிறுத்தமாட்டார்கள்."
பிறகு வழக்கம்போல்
சங்கிலியில் கட்டிய காட்சிக் கேமராவை எடுத்து
எதையோ சொடுக்கினாள். போய்விட்டாள்.

கடை மூடும்போது அதன் நினைவட்டையை
அழித்து வைக்க வேண்டும். என் வேலை.
இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
ஐந்தாறு மாதமாய் நான் சோம்பேறி.
சாண்ட்விச்சோடு வெண்டல். என் கை, என் முழங்கை.
கதவுக்கு வெளியே அவளுடைய பேருந்து,
பதினேழு வெள்ளிக்கிழமைகளின் பனி
கூரையில் ஏறி, இறங்கி.
ஒன்றில் ஆந்தையே இல்லாத கிடங்கு, வெகு தூரத்தில்.
கடைசியாய் விலைச்சீட்டு, மிக அருகில்,
மேலிரண்டும் மங்கி
அடித்தோலின் எண் மட்டும் கூர்மையாக.

*அனைத்தையும் அழிக்கவா?*
திரை கேட்டது. இல்லை என்றேன்.
அட்டையைக் கழற்றி உறையில் போட்டு
அவள் பெயரை எழுதினேன்.
காட்சிக் கேமராவுக்கு வேறொன்று வேண்டுமே.
அலமாரியிலிருந்து புது அட்டை எடுத்து
என் பெயருக்கு பில் போட்டேன்.
பதினாலு டாலராக இருந்தது, இப்போது பத்தொன்பது.
ஊழியருக்குப் பத்து சதவீதம் சலுகை உண்டு.
கழித்துப் பார்த்தேன்.
பழைய விலைக்கு வரவில்லை.