பதினாறுக்குப் பன்னிரண்டு

உப்புவெளி விடுதியிலிருந்து ஆட்டோவில் வந்தது புயல்,
பழைய பேப்பரில் சுற்றி.
கண்ணாடி வெடித்துவிட்டது, மாற்ற வேண்டுமாம்.
அளந்தேன்: பதினாறுக்குப் பன்னிரண்டு.
சுற்றிவந்த பேப்பரை
கோட்டை மான் ஒன்று வாசலில் நின்று தின்றது.

மூன்று பாய்மரம். இரண்டு தட்டுப் பீரங்கி.
கப்பல் இடப்பக்கம் சரிந்து
விழவும் இல்லை, நிமிரவும் இல்லை,
நூற்றெண்பது வருசமாய்.
அலையை யாரோ செம்பில் கீறியிருக்கிறான்
மயிர் மயிராக.
லென்சை வைத்தால் தண்ணீர் இல்லை, கோடுதான்.
மின்னல், அவன் கீறாமல் விட்ட இடம்.
வெறும் தாள்.

கீழே கப்டனின் பெயர், பட்டம், வருசம்,
வாய்க்குள் அடங்காத எழுத்துக் கூட்டலில் எங்கள் ஊர்.
கயிற்றில் தொங்கும் ஆட்களை எண்ணினேன்.
இருபத்துமூன்று.
ஒருவனுக்கும் முகமில்லை.
எள்ளில் முகம் கீறுவது எப்படி,
கீறினவனைக் குறை சொல்லவில்லை.

அலுமாரிக் கண்ணாடிக்கு அளவு கொண்டுவந்த றெஜினா
மேசையில் குனிந்தாள்.
பாலையூற்றுக்காரி. வீட்டில் ஒரு போட், இரண்டு கடன்.
"இது எந்தக் காத்து?"
புயல், என்றேன்.
"புயலுக்கும் பக்கம் இருக்கு.
கொடியைப் பார், கச்சானுக்குப் பறக்குது.
பாயைப் பார், வாடைக்கு வீங்குது.
இப்பிடி ஒரு காத்தில
ஒருத்தரும் சாக மாட்டினம்."
சிரித்தாள்.
போன கார்த்திகையில் அவள் தம்பி போனது
எந்தக் காற்றில் என்று நான் கேட்கவில்லை.
டச்சு விரிகுடா அன்று
எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது.

அவள் போனபின் பின்பலகையைக் கழற்றினேன்.
உள்ளே இராமபாணம் ஒன்று.
நடுமரத்தின் நுனியைத் தின்று முடித்து
கப்டனின் பெயரில் பாதிவரை வந்திருந்தது.
ஆட்களைத் தொடவில்லை.
மை அதிகமோ, ருசி குறைவோ.
தட்டிவிட்டிருக்கலாம்.
புதுக் கண்ணாடியை வைத்து ஆணி அடித்தேன்.

இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்.
பின்சீட்டில் ஏற்றும்போது ஆட்டோக்காரன் கேட்டான்,
"அண்ணை, சாய்ச்சு வைக்கலாமோ?"

வை, என்றேன்.
அது சாய்ஞ்சுதான் கிடக்கு.