ஒரு தலை குறைகிறது

பதினோரு கோடையாக இந்த ஏரிக்கு ஆள் கொண்டுவருகிறேன்.
ஏரியைப் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம் சரளைக்கல் போட்ட வண்டி நிறுத்தம்,
பச்சைப் பெயிண்ட் உரிந்த கழிப்பறைக் கதவு,
ஒரு லிண்டன் மரம், அதன் நிழல் நகரும் வேகம்.
பத்து மணிக்கு முன்சக்கரத்தில் கிடக்கும்.
இரண்டு மணிக்கு என் மடியில்.
நாலுக்குக் கிளம்பிவிடுவோம்,
அப்புறம் அது எங்கே போகுமோ.

ரீகாவிலிருந்து வருகிறவர்கள்
இறங்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்,
ஆஸ்பத்திரிக்கு வந்ததுபோல.
கழுத்தில் தொலைநோக்கி. கொசுவுக்குப் பூசிய எண்ணெயின் வாடை.
திரும்பும்போது எதையோ பார்த்துவிட்ட முகம்,
அல்லது பார்க்காததை மறைக்கும் முகம்.
கண்ணாடியில் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
நான் எண்ணுவது தலைகளை.

காலையில் முப்பத்திரண்டு.
இப்போது முப்பத்தொன்று.

வழிகாட்டிப் பையன் ரைட்டிஸ் மறுபடி எண்ணினான்,
விரல் நீட்டி, உதடு அசைத்து.
பின்வரிசையில் யாரோ புகைபோட்ட மீனைப் பிரித்துவிட்டார்கள்.
"மிர்த்ஸா," என்றான். "ஒன்பதாம் இருக்கை.
தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர்."
அவனுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது, பலகையில் வழுக்கி.
ஆக, நான்.

நாணலுக்குள் பலகைப் பாதை.
என் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நாணல்.
ஒவ்வொரு அடிக்கும் பலகை கொஞ்சம் தாழ்ந்து
இடுக்கில் தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
பாலிஷ் போட்ட ஷூ. இஸ்திரி போட்ட சட்டை.
கல்யாணத்துக்கு வழி தவறியவன்போல நடந்தேன்.
குறுக்கே ஒரு கயிறு, அதில் ஒரு அட்டை:
கூடுகள் உள்ளன, ஜூலை பதினைந்து வரை நுழையாதீர்.
கயிற்றின் மேல் மூன்று தட்டான்கள்
ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

"மிர்த்ஸா!"
பேருந்து நிலையத்தில் கத்துகிற குரல் எனக்கு,
வேறு குரல் கிடையாது.

கயிற்றுக்கு அப்பால் நாணல் பிளந்தது.
யாரோ பழைய மழைக்கோட்டைத் தூக்கி எறிந்ததுபோல்
பழுப்பாக, கோடுகோடாக, கால்கள் தொங்க
ஒரு பெரிய பறவை எழுந்தது.
அவசரமே இல்லை அதற்கு.
என் தலைக்கு மேலே வந்து
கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு
தண்ணீர்ப் பக்கம் போயிற்று.
அது போன பக்கம் பார்த்தபோதுதான் தெரிந்தது:
ஏரி.
இவ்வளவு பெரிதென்று ஒருவரும் சொல்லவில்லை.

பார்வைக் கோபுரத்தின் ஆறாம் படியில் மிர்த்ஸா.
கையில் மூடியோடு தெர்மாஸ்.
"டும்பிஸ்," என்றார், என்னைப் பார்க்காமல்.
எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கலவரம் என்றும் பொருள்.
"எட்டு வருடமாக இதற்குத்தான் வருகிறேன்.
மூச்சுவிடாமல் உட்கார்ந்து பார்த்தாயிற்று.
நீங்கள் வந்து கத்துகிறீர்கள்."
கோபமா, சிரிப்பா, தெரியவில்லை.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

அப்போது தூரத்தில் அது கூவியது,
காலி புட்டியின் வாயில் ஊதுவதுபோல், மூன்று முறை.
எனக்குத் தெரிந்த சத்தம்!
பதினோரு வருடமாக வண்டியில் உட்கார்ந்து கேட்டது.
பக்கத்துப் பண்ணையின் தண்ணீர் பம்பு,
எவனோ எண்ணெய் போடாமல் விட்டிருக்கிறான்
என்று திட்டிக்கொண்டிருந்தேன்.
அதைச் சொன்னேன்.
மிர்த்ஸா தெர்மாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்,
கோபுரம் லேசாக ஆடும் அளவுக்கு.

வண்டி நிறுத்தத்திலிருந்து ஹாரன்.
யாரோ என் ஹாரனை அடிக்கிறார்கள்.
நாங்கள் உடனே எழுந்துவிடவில்லை.

திரும்பியபோது மணி ஐந்தேகால்.
லிண்டன் நிழல் கழிப்பறைக் கதவில் இருந்தது.
இவ்வளவுதானா.

"எங்கே போனீர்கள்?" முப்பத்தொரு பேரும் கேட்டார்கள்.
"செருப்பு வார் அறுந்துவிட்டது," என்றார் மிர்த்ஸா,
இரண்டு கால்களிலும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு.

இன்ஜினைப் போடுமுன் எண்ணினேன்.
முப்பத்துமூன்று வந்தது.
சரிதான் என்று கதவை மூடினேன்.