விண்ணப்பதாரர் பெயர்: இசக்கி

உம்கேனி ரோட்டில் ஆபீஸ் திறக்க எட்டு மணி.
நாலரைக்கே வந்தும் முன்னால் ஆட்கள்;
எண்ணிப் பார்த்தேன், நாயன்மார் கணக்கு,
அறுபத்துமூன்று பேர்.
பேஹெட் துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து
வெல்டிங் வாசனையோடு அப்படியே வந்திருந்தார் அப்பா.
நின்றபடி தூங்கத் தெரிந்தவர்.
வரிசை நகரும்போது முழங்கையைத் தொடுவேன்,
கண் திறக்காமல் ஓரடி வைப்பார்.

ஜெர்மனிக் கல்லூரி செப்டம்பருக்குள் வரச் சொல்கிறது.
ஜெர்மன் தூதரகம் கேட்கிறது:
டர்பனில் இருக்க உனக்கு உரிமை உண்டா, காட்டு.
டர்பன் சொல்கிறது:
அப்பா பர்மிட்டில் தொங்கிக்கொண்டிருந்தாய்,
மார்ச்சில் பதினெட்டு முடிந்தது, காம்பு விட்டுப்போச்சு.
புதிதாக மனு போட்டாயா? நல்லது.
ரசீதைப் பத்திரமாக வை.

ரசீது விசா ஆகாதாம்.
சென்னையில் கேட்டுப் பார் என்றார் ஏஜென்ட்.
சென்னையில் கேட்டார்கள்:
கடைசி ஆறு மாசத்துக் கரண்ட் பில் இருக்கா?
நாலு வயசில் விமானம் ஏறியவள் நான்.
ஏறி இங்கிருந்து போனாலோ
திரும்பி வர முடியாது.

இதற்கிடையில் என் பெயர்.
குடும்பப் பெயர்க் கட்டம் காலி.
சு. இசக்கி என்றால் 'சு' என்பது யார் என்கிறார்கள்.
சுடலைமுத்து என்று விரித்தால்
அது அப்பா பெயராச்சே, குடும்பம் எங்கே?
கம்ப்யூட்டர் காலியை ஒப்பாது,
ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுகிறது.
கணக்கு நோட்டில் அது பெருக்கும்.
இங்கே தப்புக் குறி மாதிரி இருக்கிறது.

சுடலையும் இசக்கியும் எல்லையில் நிற்கிற சாமிகளாம்,
உத்தரவில்லாமல் ஒருத்தரும் தாண்ட முடியாதாம்.
அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார், போன வருஷம்.
காவலுக்கு வைத்த பெயரை
கவுன்ட்டரில் நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

பத்தே காலுக்கு மின்வெட்டு. சிஸ்டம் படுத்தது.
வரிசை முழுக்க நடைபாதையில் உட்கார்ந்தது.
ஒருத்தி வாளி நிறைய அமக்வின்யா கொண்டுவந்தாள்,
சூடாக, எண்ணெய் சொட்ட.
ஃபைலை அப்பா மடிக்குத் தள்ளிவிட்டு இரண்டு தின்றேன்.

பன்னிரண்டுக்கு எங்கள் முறை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாண்டேக்கா, பெயர் அட்டையில்.
சவுபோனா மா, என்றேன்.
நிமிர்ந்தாள். ஜூலு எங்கே படித்தாய்?
படிக்கவில்லை மா, சாட்ஸ்வொர்த்தில் விளையாடினேன்.
அவள் மகளுக்கு வீட்டில் இங்கிலீஷ்தான் வருகிறதாம்.
அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம்.
பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்,
திருப்பக் கூடாதுதான்.
'பரிசீலனையில்'.
நாலு மாசமாக அதே சொல், அதே பச்சை எழுத்து.
வெள்ளிக்கிழமை வா,
பிரிட்டோரியாவுக்கு நானே போன் போடுகிறேன்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார், என்ன சொன்னா?
வெள்ளிக்கிழமையாம்.
எந்த வெள்ளி என்று நானும் கேட்டிருக்கவில்லை,
அவரும் கேட்கவில்லை.
ரோட்டைத் தாண்டும்போது மட்டும்
சின்னப் பிள்ளை மாதிரி
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.