இரண்டு மில்லிமீற்றர்

புதன்கிழமைகளில்
அறிவியல்நகர் வளாகத்தின் பின்வாசலால்
மண் வரும்.
பால்மாப் பையில், சோடாப் போத்தலில்,
ஒருமுறை பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியில்.
பெயர், ஊர், பயிர், எத்தனை அங்குல ஆழம்
என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வேன்.
காயப்போட்டு, இடித்து, அரிப்பேன்.
இரண்டு மில்லிமீற்றருக்கு மேற்பட்டதெல்லாம்
சல்லடையில் தங்கும்:
வேர், சிப்பி, கல்,
சிலவேளை இரும்புத் துண்டு.
அதற்கொரு பேணி வைத்திருக்கிறேன்.

இந்தக் கட்டடத்தில் முன்னர் யார் இருந்தார்கள் என்று
புதிதாய் வரும் பிள்ளைகள் கேட்பார்கள்.
நான் சல்லடை கழுவிக்கொண்டிருப்பேன்.

ஜெயபுரத்திலிருந்து யோகரஞ்சிதம் வந்தா.
விட்ட காணி, ஒன்றேகால் ஏக்கர்.
கச்சான் போட்டவ.
"காய் இருக்கு தம்பி, பருப்பில்லை.
எல்லாம் பொக்கு."
ஒன்றை மேசையில் உடைத்துக் காட்டினா.
உண்மைதான், காற்று.

இரண்டு கிழமையில் அறிக்கை. ஆங்கிலத்தில்.
மாத்தறைப் பிள்ளை சச்சினி வாசித்துச் சொன்னாள்,
மூன்று வருடத்தில் கன்ரீனிலும் வயல்களிலும்
பொறுக்கிய தமிழில்:
"மண்ணில கல்சியம் காணாது, அம்மா."

"அதென்ன பிள்ளை?"

"எலும்பில இருக்கிறது."

யோகரஞ்சிதம் கொஞ்ச நேரம்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தா.
"எங்கட மண்ணிலயோ காணாது?"

சச்சினிக்குக் காணாது என்றால் போதாது.
அவ்வளவுதான் தெரியும்.
"ஓம் அம்மா" என்றாள், சிரித்து.
ஜிப்சம் எவ்வளவு, எப்போது என்று
தாளின் பின்பக்கம் படம் கீறிக் கொடுத்தாள்:
பூக்கிற நேரம், அடியில் தூவி, மண் அணைக்க.

அடுத்த போகம் முடிய, புதன் அல்லாத ஒரு நாளில்
அவித்த கச்சானோடு வந்து நின்றா.
வாசலில் காவலாளி
அரைப் பையைச் சோதனையிலேயே முடித்திருந்தார்.
மிச்சம் ஆய்வுகூடத்தில், விரிவுரையாளர் காணாமல்.

கூடவே இன்னொரு பை.
முடிச்சு இறுக்கமாய், மண்.
"இது பக்கத்துக் காணி."
எழுதச் சொன்ன பெயர் அருளானந்தம் குகதாசன்.
"அவர் வரேல்லையோ?"
"இல்லை."
"பயிர்?"
"ஒண்டும் இல்லை."
"எத்தனை அங்குலம் வெட்டி எடுத்தது?"

"மேலாலதான் தம்பி" என்றா.
"கன ஆழம் வெட்டேல்ல."

பெயரை அப்படியே எழுதினேன்.
கையெழுத்து இடத்தில் அவ தன் பெயரை வைத்தா.
இலக்கம் இருநூற்றுப் பதினேழு.
தட்டில் பரப்பி
யன்னலடியில் காய வைத்திருக்கிறேன்.
இன்னும் அரிக்கவில்லை.