ஆறு பிணங்கள்

காரைக்குடியிலிருந்து டெம்போவின் திறந்த முதுகில்
புதுவயலுக்கு வந்தது உலர்பனி.
தோலுறை, இடுக்கி, டிரம் நிறைய வெந்நீர்.
முதல் துண்டு விழுந்ததும்
போர்க்களம் வெள்ளையாய் வழிந்தது.
விசிலடித்தார் நாடகம் எழுதிய மெய்யப்பன் சார்.

எனக்குக் கணக்கு உதைத்தது.
அடுப்புப் புகை ஏறும்.
இது ஏறாது;
தரையோடு தரையாய்ப் படுத்து
காற்றை ஓரமாய்த் தள்ளும்.
அங்கேதான் செத்துக் கிடக்கிறார்கள்
ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர்,
அசையக் கூடாதென்று நாமே சொல்லி.
ஓரத்துப் பிணம் சாத்தப்பன்
கால்சட்டைப் பையில் இன்ஹேலர்.

“செத்தவன் உட்கார்ந்திருப்பானா, டீச்சர்?”
“என் களத்தில் உட்காருவான், சார்.”

தேர்ச்சக்கரத்தில் இருவர், மண்மேட்டில் மூவர்,
உடைந்த தூணில் சாய்ந்து ஒருத்தி.
சாத்தப்பனுக்கு உயிர் கொடுத்து
வாசற்கதவருகே முரசடிக்க அனுப்பினேன்.

ஏசி அரங்கின் கதவுகள் எல்லாம் திறந்திருக்க
தாளாளர் வேட்டி நுனியால் விசிறிக்கொண்டார்.

ஆண்டுவிழா இரவு.
முழங்கால் வரை வெண்மை,
அதற்கு மேலே ஆறு முகங்கள்.
திரைக்குப் பின்னால்
எண்ணிக்கொண்டே நின்றேன்.
மன்னன் ஒப்பாரி தொடங்கும் நேரம்
தூணில் சாய்ந்த உமையாள்
வாய் பிளந்து
நீளமாய் ஒரு கொட்டாவி விட்டாள்.

அரங்கம் குலுங்கியது.
மெய்யப்பன் சார் தலையில் கைவைத்தார்.
நான் மறுபடி
ஒன்றிலிருந்து எண்ணினேன்.