ஏழாவது சதுரம்

தரைக்குத் துணி விரித்து
ஏணியைச் சாத்திவிட்டு
நிற்கிறேன். இது நான்காம் நாள்.

சுவரில் ஆறு சதுரங்கள்.
ஆறும் சாம்பல்.
டப்பாவில் எழுதியிருப்பதை நம்பினால்
ஒன்று கடற்காக்கையின் முதுகு,
ஒன்று பழைய ஈயம்,
ஒன்று ஞாயிற்றுக்கிழமை மூடுபனி,
ஒன்றின் பெயர் வெறுமே ‘மௌனம்’.
அதற்கு மட்டும் லிட்டருக்கு ஒன்பது பவுண்டு அதிகம்.
மற்ற இரண்டும் எதுவென்று
மூடி மாறிப்போனதில் எனக்கே தெரியாது.

மோர்வென் வருகிறாள், கையில் ஆறிப்போன தேநீர்,
மருத்துவமனை இரவுப்பணி முடித்த கண்கள்.
“இதில் நீலம் அடிக்கிறதா?”
அடிக்கிறது என்கிறேன்.
“அதில் பச்சை?”
பச்சையும்தான் என்கிறேன்.
மணிக்கு இவ்வளவென்று கூலி வாங்குகிறவனுக்கு
எல்லா நிறமும் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே அபர்டீன்.
கிரானைட் வீடு, அதையொட்டி இன்னொரு கிரானைட் வீடு,
ஸ்லேட் கூரைகள், துறைமுகத்துத் தண்ணீர்,
அதிலிருந்து தெருவரைக்கும் ஏறிவந்த கடல்மூட்டம்.
இத்தனை போதாதென்று
உள்ளேயும் வேண்டுமா என்று முதல்நாள் கேட்டேன்.
“வெளியே இருப்பது
நாங்கள் தேர்ந்தெடுத்ததல்ல” என்றாள்.
பிறகு நான் கேட்கவில்லை.

காலை ஒன்பதுக்கு ஈயம் கச்சிதம்.
பதினொன்றுக்கு அது அழுக்கு.
மதியம் வெயில் தலைகாட்டிய சில நிமிடங்களில்
மௌனத்தில் லேசாக ஊதா பூத்தது.
இருவரும் பார்த்தோம். சொல்லிக்கொள்ளவில்லை.
டிசம்பர். மூன்றரைக்கே இருட்டி
விளக்கைப் போட்டால்
ஆறும் ஒரு தாய் பிள்ளைகள்.

“உங்கள் வீட்டுச் சுவர் என்ன நிறம்?” என்று கேட்டாள்.
யோசிக்க வேண்டியிருந்தது.

ஸ்ட்ரூன் கடலுக்குள் இருக்கிறான்.
எண்ணெய் மேடையில் வேலை,
மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் இங்கே.
படம் அனுப்பினால் ஒரே பதில்தான்:
“எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது.”
அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக்
கழுவிய கோப்பையையே மறுபடி கழுவுவாள்.
அவன் சுவரைத்தான் சொன்னான்.
அவளுக்கு அப்படிக் கேட்கவில்லை என்பது
ஏணியில் நிற்கிறவனுக்கே புரிகிறது.

வெள்ளிக்கிழமை வீடியோவில் அழைத்தான்.
பின்னால் காற்று, இரும்புப் படிகள், ஆரஞ்சு உடுப்பு.
“நகர்த்து. இன்னும் இடப்பக்கம். கொஞ்சம் கீழே. நில்.
அதுதான்.
எப்படிச் சொல்ல...
விடிவதற்கு முன்னால் இங்கே தண்ணீர் இந்த நிறம்தான்.
நீ வார்டில் இருக்கும் நேரம்.
நான் மட்டும் பார்ப்பேன்.”

நாங்கள் எண்ணினோம்.
அவன் காட்டியது ஏழாவது.

ரேடியேட்டரைக் கழற்றியதில் பிய்ந்த இடத்தில்
முந்தாநாள் நான் அப்பிய சிமெண்ட்.
கரண்டித் தடத்தைக்கூட இன்னும் தேய்க்கவில்லை.

சொல்லலாமா என்று அவளைப் பார்த்தேன்.
அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.
ஈரம் ஒட்டியிருக்கும், சில்லென்று இருந்திருக்கும்.
எடுக்கவில்லை.
“ஆமாம்” என்றாள் ஃபோனிடம்,
“எனக்கும் இதுதான்.”

இன்று திங்கள்.
பெயின்ட் கடை எல்ஸ்பெத்தின் மேசையில்
நகத்தளவு சிமெண்ட் சில்லு.
இயந்திரம் அதன்மேல் வெளிச்சம் பாய்ச்சி
நீளமாக ஓர் எண் சொல்கிறது.
“காய்வதற்கு முந்திய நிறமா, காய்ந்த பிறகா?”
நியாயமான கேள்வி.
சிமெண்ட் காயக் காய வெளுக்கும்.
அவர்கள் பார்த்தது வெள்ளிக்கிழமையின் நிறம்.
அது இப்போது சுவரிலும் இல்லை,
என் சட்டைப்பையில் வந்த சில்லிலும் இல்லை.

கொஞ்சம் கறுப்புக் கூட்டச் சொன்னேன்.
ஒரு சொட்டு.
கண்ணை மூடிப் பார்த்துவிட்டு
இன்னொரு அரைச் சொட்டு.

மூடியில் எழுதப் பெயர் வேண்டுமாம்.
பதினேழு, மேல்மாடி
என்றேன்.