நார்வே ஆம்லெட்

ஃப்ரிட்ஜ் அவனுடையது.
பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது,
பதினோராவது வரி,
சலவை இயந்திரத்துக்குக் கீழே, மீன்சட்டிக்கு மேலே.
சனிக்கிழமை காலை வேன் வரும்.

வெள்ளி இரவு
ஃப்ரீசரைக் காலிசெய்ய வந்தான் எர்வான்.
பட்டாணி, கீழ்வீட்டு மதாம் கெர்பிராவுக்கு.
கானாங்கெளுத்தி, அவள் பூனைகளுக்கு.
மிஞ்சியது இரண்டு லிட்டர் வனிலா.
யாரையோ சாப்பிடக் கூப்பிட்டு
யாரும் வராமல்போன ஞாயிற்றுக்கிழமையுடையது.
மேலே பனி முள்முள்ளாய் முளைத்திருந்தது.

"கொட்டிவிடலாமா?" என்றேன்.
"சுட்டுவிடலாம்" என்றான்.

பிரான்சில் இதற்கு நார்வே ஆம்லெட் என்று பேர்.
ஆம்லெட் இல்லை.
நார்வேக்காரர் எவரும் பொறுப்பேற்றதாகவும் தெரியவில்லை.
பேருக்கும் பொருளுக்கும் ஒட்டில்லை என்றால்
எங்கள் தபால்பெட்டியில்கூட
இன்னும் இரண்டு பேர் ஒட்டியிருக்கிறது.

ஆறு முட்டை.
அவன் உடைத்தான், நான் பிரித்தேன்.
வெள்ளை கண்ணாடிக் கிண்ணத்துக்கு,
மஞ்சள் நீலக் கோப்பைக்கு.
ஒரு பொட்டு மஞ்சள் விழுந்தாலும் நுரை எழாது,
இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.
"வக்கீல் கிவார்க்கூட இவ்வளவு சுத்தமாய்ப் பிரிக்கவில்லை"
என்றான்.
நான் சிரிக்கவில்லை.
கொஞ்சம் சிரித்தேன்.

பீட்டர் இரைந்தது.
சர்க்கரை கரண்டி கரண்டியாய்.
முதலில் சோப்பு நுரை,
பிறகு துறைமுகத்தில் காற்று நாளில் ஒதுங்கும் நுரை,
பிறகு
கிண்ணத்தை என் தலைக்கு மேல் அவன் கவிழ்க்க
விழ மறுத்த வெள்ளை.

கேக்கைத் தட்டில் பரப்பி
கல்லாய் இறுகிய வனிலாவை அதன்மேல் நிறுத்தி
கரண்டி முதுகால் பூசினோம்.
லோரியான் துறையில் படகுகளுக்கு விரிசல் அடைப்பவன் அவன்.
ஓரங்களை நம்பமாட்டான்.
"இங்கே ஓட்டை."
"இல்லை."
"இருக்கிறது நோலுவென், ஓர் ஊசிமுனை போதும்."

படகென்றால் தண்ணீர் புகும், இதில் சூடு.
நுரைக்குள் இருப்பது வெறும் காற்று.
சூட்டைக் கைமாற்றிவிடக் காற்றுக்குத் தெரியாது,
அவ்வளவுதான் சூட்சுமம்.
"இதைவைத்து எதையாவது சொல்லிவிடாதே" என்றான்.
நான் வாயே திறக்கவில்லை.

இருநூற்றைம்பது டிகிரி.
அடுப்புக் கண்ணாடி முன்னால்
இரண்டு பேரும் மண்டியிட்டோம், முழங்கால் இடிக்காமல்.
சிகரங்கள் பழுத்தன. ஒன்று கருகியது.
மூன்றாம் நிமிடம்
இடப்பக்க அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு இறங்கியது.
"சொன்னேனே."
அதே பழைய சொன்னேனே.
அதற்கென்று நான் வைத்திருக்கும் பழைய பதில்
நாக்கு நுனிவரை வந்தது.
"தட்டை எடு, ஓடுது" என்றேன்.

விளக்கை அணைத்தான்.
சூடாக்கிய ரம், ஒரு தீக்குச்சி.
நீலம் சரிவுகளில் ஓடி
பள்ளத்தில் கொஞ்சம் தயங்கி
போனது.
மேலே உதடு சுட்டது, உள்ளே பல் கூசியது.
எட்டுப் பேருக்கானதில் ஐந்து பேருடையதை
நின்றுகொண்டே தின்றோம்.
மீதி உருகியதை யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை
அவனும் தம்பியுமாய் மூன்று மாடி
நிமிர்த்தியே இறக்கினார்கள்.
சாய்த்தால் எண்ணெய் ஏறிவிடுமாம்.
நின்ற இடத்துச் சுவரில்
ஆள் உயரத்துக்கு ஒரு வெளுப்பு.
கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு இரவு கைபேசி மினுங்கியது:
"நீலக் கோப்பை உள்ளேயே இருந்திருக்கிறது.
ஆறும் உடையவில்லை.
என்ன செய்யட்டும்?"

பட்டியலை எடுத்துப் பார்த்தேன்.
நீலக் கோப்பை என் பக்கம்தான்,
இருபத்திரண்டாவது வரி.
மஞ்சள் கருவைப் பற்றி
எங்கும் எழுதவில்லை.